ஏழு பத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பு

மத்தியானம் மூன்று மணி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் தார் இளகி, சைக்கிள் டயரோடு ஒட்டி உறவாடுகிறது. மளிகைக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கடைக்காரர் மீதிப் பாதியில் தூங்குகிறார். டாக்டர் வீட்டுக் கிரில் கதவில் பூட்டு. வாசலில் ஓர் ஆள் இல்லை, ஓர் இருமல் இல்லை, ஊசிக்கு அழும் ஒரு குழந்தை இல்லை.

ஆனால் வரிசை நிற்கிறது.

கிரில் கதவில் தொடங்கி, மூன்று படி இறங்கி, சுவரை ஒட்டி வளைந்து, வாதாமர நிழலைக் கடந்து, சாக்கடை மூடிவரை இருபத்து மூன்று ஜோடிச் செருப்புகள். நீல வார் ஹவாய், பச்சை வார் ஹவாய், ஒரு கால் நீலமும் ஒரு கால் பச்சையுமாக ஒரு ஹவாய், வாருக்கு ஊக்கு குத்தியது, டயரில் வெட்டியது, கல்யாணத்துக்கு வாங்கிக் கடித்ததால் ஒதுக்கப்பட்ட குதிகால் செருப்பு. எல்லாவற்றின் மூக்கும் வாசலைப் பார்த்தபடி. எல்லாவற்றுக்கும் நல்ல காய்ச்சல். தொட்டால் சுடும்.

டாக்டர் ஐந்து மணிக்குத்தான் பார்ப்பார். உடம்புக்காரர்கள் வீட்டில் படுத்திருக்க, அவர்களுடைய செருப்புகள் இரண்டு மணி நேரம் முன்பே வந்து காத்திருக்கும்.

அந்த வரிசையை ஒழிப்பதற்காக எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஒரு டைரி. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது.

அந்த வாசலில் ஒருபோதும் செருப்பை வரிசையில் விடமாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர். என் அப்பா. அந்தப் பிடிவாதம் ஒரு சாயங்காலம் அவர் உயிரை நடுவில் வைத்துப் பேரம் பேசியது. பல வாரமாக வேறு வேறு கதைகளைச் சொல்லி அதைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

காலில்லாத செருப்பு

அப்பா ஆவடி ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனதும், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நூம்பலில் அரை கிரவுண்டில் எழுப்பிய, பூச்சு காயாத வீட்டுக்கு நாங்கள் லாரியில் வந்து இறங்கியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். நான் பி.ஏ. தமிழ்; டைப்ரைட்டிங் லோயர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையைப் புதுப்பிப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தேன்.

கரையான்சாவடி டாக்டர் கைராசிக்காரர். ஊசி போட்டால் வலிக்காது, சீட்டில் எழுதினால் புரியாது. எங்கள் பக்கத்தில் நல்ல டாக்டருக்கு இந்த இரண்டும்தான் அடையாளம். அவர் பெங்களூருக்குப் போய் மச்சினருடைய கிளினிக்கைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே நோயாளிகள் சோபாவில் உட்கார்ந்து பத்திரிகை படித்தார்களாம். சொன்ன நேரத்துக்குக் கண்ணாடிக் கதவு திறந்ததாம். வந்த மறுநாளே, "இனிமேல் செருப்பு கிடையாது. அப்பாயின்ட்மென்ட்தான்" என்று அறிவித்துவிட்டார்.

கம்பவுண்டர் தேவராஜ் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்தச் செருப்புகளுக்கு அவர்தான் நீதிபதி. ஆனாலும் மரியாதைக்காக முதல் நாளே என்னை வாசலுக்கு அழைத்துப்போய், புதைபொருள் தோண்டிய இடத்தைக் காட்டுவதுபோல் வரிசையைக் காட்டினார்.

"பாத்துக்கம்மா. ஆளுக்கு ஒரு ஜோடி. ஒத்தச் செருப்பு செல்லாது. கொயந்த செருப்பு செல்லாது. மூக்கு வாசலப் பாத்துகினு இருக்கணும். திரும்பி நின்னா அது ஊட்டுக்குப் போற செருப்பு."

"யாராவது மாத்தி வச்சிட்டா, அண்ணே?"

"எவன் வப்பான்? அடுத்தவன் செருப்ப கையால தொடுவானா எவனாச்சும்? அதாம்மா இதுல பூட்டு."

ஒருமுறை நாலாம் நம்பர் செருப்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு வேலப்பன்சாவடிப் பக்கம் ஓடிவிட்டதாம். ஐந்தாம் நம்பர் முன்னே நகரலாமா, கூடாதா? சாயங்காலம் முழுக்க வழக்கு நடந்தது. தான் அன்று சொன்ன தீர்ப்பைத் தேவராஜ் அண்ணன் இன்னும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"நாய் தூக்கினா நம்பர் போவாது. ஊட்டுக்காரங்க தூக்கினாத்தான் நம்பர் போவும்."

வரிசையின் ராணி கஸ்தூரி. நூம்பலில் எங்களுக்கு நாலு தெரு தள்ளி இருந்தாள். அவளுடைய மாமியார் நாற்று நட்ட வயலில்தான் இப்போது எங்கள் அரை கிரவுண்டு இருந்தது. கஸ்தூரி நட்டதில்லை. ஷூ கம்பெனியில் தைத்தாள். நாளெல்லாம் வெளிநாட்டுக் கால்களுக்குத் தோல் தைத்துவிட்டு, மாமியாரின் சர்க்கரைக்காக வாரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வருவாள்.

வரிசைக்கென்றே ஒரு ஜோடி வைத்திருந்தாள். வார் வெளுத்த ஹவாய். குதிகால் ஓரத்தில் பிளேடால் கீறிய பெருக்கல் குறி. அதைப் பையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, காலில் கிடக்கும் நிஜச் செருப்போடு நடந்து போய்விடுவாள்.

"இது டாக்டர் செருப்பு. ரேஷன் கார்டு மாரி பத்திரமா வச்சிகினு கீறேன்," என்றாள்.

விசாரித்துப் பார்த்தால் பாதி வரிசை இப்படித்தான். ஒரு காலையும் பார்க்காத செருப்புகள். எங்கேயும் நடக்காமல், காத்திருந்தே தேய்பவை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் வேலைவாய்ப்பு அட்டை நினைவுக்கு வரும்.

எங்கே தடவணும்?

மருந்து கம்பெனி ரெப் கொடுத்த டைரியில் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஐந்து. ஐந்து பத்து. ஐந்து இருபது. ஒன்பது மணிவரை பத்துப் பத்து நிமிஷமாக, நீல மையில், கோணல் இல்லாமல். அத்தனை அழகான பொய்யை அதற்கப்புறம் நான் கவிதையில்கூட எழுதியதில்லை.

ஏனென்றால் டாக்டர் குடியிருந்தது மாடியில். மாடிக்கும் கீழுக்கும் பதினெட்டுப் படி. ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்குகிறவர் ஆறே காலுக்குத் தரையைத் தொடுவார். நடுவில் ஒரு தூக்கம், ஒரு காபி, அந்தக் காபியில் சர்க்கரை பற்றி மனைவியோடு ஒரு விவாதம். என் முதல் கோடு பிறக்கும்போதே ஒன்றே கால் மணி நேரம் பிந்தியிருக்கும். மற்றக் கோடுகளெல்லாம் அதன் பிள்ளைகள்.

வாசலில் அட்டை மாட்டினோம்: அப்பாயின்ட்மென்ட் உள்ளவர்களுக்கு மட்டும். முதல் ஆளாக வந்து நின்றவள் கஸ்தூரி.

"இன்னாம்மா, ஆயின்மெண்ட் இருந்தாத்தான் டாக்டர பாக்க உடுவியாமே?"

"ஆமாக்கா."

"அப்ப குடு." கையை நீட்டினாள்.

நான் சீட்டில் ஆறு நாற்பது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இத்த எங்க தடவணும்?"

வராந்தா மொத்தமும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாளா, என்னை வாரினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து என் சீட்டுக்குப் பெயர் ஆயின்மெண்ட். எனக்குப் பெயர் நோட்டும்மா.

அதோடு விட்டார்களா? ஆயின்மெண்டும் வாங்கினார்கள், செருப்பும் வைத்தார்கள்.

"ஆறு நாப்பதுன்னு எழுதித் தந்திருக்கேன். அப்புறம் எதுக்குக்கா மூணு மணிக்கே செருப்பு?"

"நோட்டுல கீறது ஒன் டைமு. வாசல்ல கீறது என் டைமு. எது உள்ள போவுதுன்னு பாக்கலாமே."

எது உள்ளே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெலிபோன் கதை இன்னும் மோசம். போன் செய்தும் நேரம் வாங்கலாம் என்று டாக்டர் அட்டையில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். முதல் அழைப்பு மறுநாள் வந்தது.

"ஹலோ, டாக்டர் ஊடா?"

"ஆமாங்க, பேர் சொல்லுங்க."

"பேரு இன்னாத்துக்கு? ஜன்னல்ல எட்டிப் பாரு. கைய ஆட்டறேன் பாரு, நாந்தான்."

எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

"நேரா இங்க வந்தே சொல்லியிருக்கலாமே, பெரியவரே?"

"நேர்ல வந்தா நீ எய்த மாட்டியாமே. போன்ல சொன்னாத்தான் எய்துவியாம்."

அவருடைய செருப்பு ஏற்கனவே வரிசையில் ஆறாவதாக இருந்தது. மனிதர் வெறுங்காலோடு கொதிக்கும் ரோட்டைக் கடந்து போய் எனக்குப் போன் செய்திருந்தார்.

சங்கு வளர்த்த மனிதர்

இந்தப் பூமியில் என் டைரியை நம்பிய ஒரே ஜீவன் என் அப்பா.

அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷம் ஆவடியில் இருந்தும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. ஆனால் நேரத்தை அவர் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. அது ஃபேக்டரி சங்கு கொடுத்தது. குவார்ட்டர்ஸில் காலைச் சங்கு ஊதும்போது எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் குக்கர் கத்தும், ஒரே சமயத்தில் சைக்கிள் ஸ்டாண்டுகள் எழும்பும். சேலத்துக்காரர், மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோரும் சங்குக்கு முன்னால் ஒரே ஜாதி.

நூம்பலில் சங்கு கேட்காது. ரிட்டையர் ஆன முதல் மாதம் அப்பா காலையில் எழுந்து வாசலில் போய் நின்று, காதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒன்றுமில்லாத திசையைக் கேட்பார். அப்புறம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். மனிதன் தனக்குத் தானே சங்கு ஊதிக்கொள்வதை நான் அங்கேதான் பார்த்தேன்.

வரிசை விஷயத்திலும் அவருக்கு ஒரு மதம் உண்டு. குவார்ட்டர்ஸ் ரேஷன் கடையில் எல்லோரும் பையை வைத்துவிட்டு, பைக்கு மேல் கல்லை வைத்துவிட்டு, டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அப்பா மட்டும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்பார். மண்ணெண்ணெய் வரும்வரை நிற்பார்.

"பையை வச்சிட்டு வாங்களேன்," என்று அம்மா கெஞ்சுவாள்.

"ஆளு நின்னாத்தான் வரிசை. பை நின்னா அது சந்தைல்லா?" என்பார்.

அப்படிப்பட்டவர் செருப்பை அனுப்பிக் காத்திருக்க வைப்பாரா? என் வேலையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும், "எம் மக வச்சிருக்க புஸ்தகத்துல டாக்டரோட நிமிஷம் பூராவும் இருக்கு" என்பார். அந்த நிமிஷங்கள் எந்த லட்சணத்தில் இருந்தன என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

சுலபமாக வந்த வசனம்

ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை ஜுரத்தோடு வந்தாள். வெயில், கூட்டம், அத்தையின் முனகல். நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டேன். ஒரே ஒரு தடவை.

கஸ்தூரிக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஊட்டு ஆளுன்னா உள்ள, நாங்கன்னா வெயில்லியா? இன்னா நோட்டும்மா, ஒன் நோட்டுக்குப் பின்வாசல் கீதா? செருப்புக்கு ஒரே வாசல்தாம்மா!"

மருந்து கலக்கும் அறையில், மிக்சர் பாட்டில்களுக்கு நடுவில் நின்று அழுதேன். அழுதது அவள் திட்டியதற்காக இல்லை. அவள் சொன்னது சரி என்பதற்காக. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, டைரி மேல் கையை வைத்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்:

"இனிமே எங்க வீட்டு ஆளு யாரா இருந்தாலும் முறைப்படிதான். எங்க அப்பாவே வந்தாலும் சரி."

இருபத்திரண்டு வயதில் வாயிலிருந்து வசனம் சுலபமாக இறங்கிவிடுகிறது. அது எந்தத் தெரு வழியாகத் திரும்பி வரும் என்று அப்போது யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் என் தலையைத் தொட்டார். குவார்ட்டர்ஸ் காலத்தில் ஸ்கூல் மார்க் ஷீட்டுக்குத் தொட்டதுபோல்.

வாய்வு

ஐப்பசியோ, கார்த்திகையோ. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"ஏட்டி, சாயந்தரம் எனக்கொரு டைம் போடுதியா? நெஞ்சுல வாய்வு பிடிச்ச மாதிரி கெடக்கு."

"நேரா வாங்கப்பா. நான் பாத்துக்கிடுதேன்."

"நேரா வாரதுக்கு எதுக்குட்டி புஸ்தகம்? எது காலியா கெடக்கோ அதைப் போடு."

அம்மா சுக்குத் தட்டிக் கொதிக்கவைத்தாள். எங்கள் வீட்டில் வலி எந்த இடத்தில் வந்தாலும் அதற்குப் பெயர் வாய்வு.

பையிலிருந்த டைரியில் ஏழு பத்து காலியாக இருந்தது. போட்டு, சீட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது அப்பா வந்தார். சைக்கிளை மிதித்து வரவில்லை. நூம்பலிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருந்தார். சைக்கிளை வாதாமரத்தில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். பழுப்புத் தோல் செருப்பு, இரண்டு முறை அடி மாற்றியது. அதை வரிசையில் வைக்கவில்லை. தள்ளி, சுவர் ஓரமாக, தனியாக வைத்தார்.

"இன்னா நைனா, அங்க வச்சா நம்பர் கெடிக்காது. கடைசில போயி வையி," என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

அப்பா சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்துக் காட்டினார். "எனக்கு ஏழு பத்து."

"ஏயு பத்தா? எனக்கு ஆறு. தோ, அந்த அம்மாவுக்கு அஞ்சே கால். ஒக்காரு நைனா, எல்லாம் சேந்தே போலாம்."

சிரிப்பு. அப்பாவும் சிரித்துவிட்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளிர்ந்த சாயங்காலம், அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் எழுந்தேன். அவர் அங்கிருந்தே உள்ளங்கையைக் காட்டினார். உட்கார்.

கஸ்தூரியின் கண் என் மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். பார்த்துவிட்டு, உட்கார்ந்தேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை வாரம் ஆனது. நான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்து, யாருடைய பெயரையோ எழுதினேன்.

கஸ்தூரியின் கண் என் மேல் இல்லை. அன்று கம்பெனியில் ஓவர்டைம், பிந்தித்தான் வந்திருந்தாள். முன்னால் இருந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போய், அடுத்த முறை அவளுடைய மாமியாருக்கு என்ற நிலை. பெருக்கல் குறி போட்ட செருப்பு மேல் படியில் முதலாவதாக நின்றது. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, இன்னா பண்ணுது ஒனக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வாய்வு."

"வாய்வுக்கு இந்தக் குளுருல இப்டியா ஊத்தும்? தோள ஏன் புடிச்சிகினு கீற?"

"லேசா இழுக்கு."

"எந்திரி. உள்ள போ."

"எனக்கு முன்னால இத்தனை பேரு இருக்காவ. முறை வரட்டும்."

"நோட்டும்மா!" தெருவே திரும்பியது. "யாரு இவுரு? ஒன் நைனாவா?"

நான் வெளியே ஓடிவந்தேன். "எழுந்திரிங்கப்பா, உள்ள போவோம்," என்று கையைப் பிடித்தேன். கை ஈரமாக, யாருடைய கையோ போல் இருந்தது.

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா," என்றார். மூச்சு நடுவில் அறுந்தது. "நீ போயி ஒக்காரு."

கஸ்தூரி விறுவிறுவென்று சுவரோரம் போனாள். குனிந்தாள். மழைச் சேறு அப்பிய அப்பாவின் செருப்புகளை இரண்டு கையாலும் எடுத்தாள்.

எடுத்து, வரிசை நெடுக நடந்து, மூன்று படி ஏறி, ஷூ கம்பெனியில் தைத்து முடித்த ஜோடியைப் பெட்டிக்குள் வைக்கும் அதே பதவிசோடு, தன் செருப்புக்கு முன்னால் வைத்தாள். மூக்கு வாசலைப் பார்க்கிறதா என்று பார்த்து, ஒன்றை லேசாகத் திருப்பினாள்.

"தபார் நைனா. இப்ப ஒன் செருப்புதான் மொதல்ல கீது. ஒன் முறைதான் வந்துகீது. இப்பவாச்சும் எந்திரிப்பியா, மாட்டியா?"

ஆட்டோக்காரர் தன் செருப்பைக் கால் பெருவிரலால் ஒரு சாண் பின்னால் தள்ளினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் தன்னுடையதை. அதற்குப் பின்னால் ஒரு கிழவி. அந்த நகர்வு படியிறங்கி, சுவரோரம் ஊர்ந்து, வாதாமரத்தடிவரை போய் நின்றது.

அப்பா தன் செருப்பைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

ஏழு பத்து.

எங்கள் கிளினிக்கில் சொன்ன நேரத்துக்கு உள்ளே போன முதல் நோயாளி அவர்தான்.

"இன்னா பாத்துகினு கீற நோட்டும்மா," என்றாள் கஸ்தூரி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "எய்து."

ஒண்ணு வரும்

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்தார். பதினெட்டுப் படி இறங்க ஒன்றே கால் மணி நேரம் எடுக்கும் மனிதர், கார் சாவிக்காக அதே படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். நான் அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி முடிப்பதற்குள் திரும்பி வந்தார்.

காரின் பின்சீட்டில் அப்பாவின் தலை என் மடியில். ரோட்டுப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் என் பல்லில் இடித்தன. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியபோதுதான் பார்த்தேன்: அவர் காலில் ஒன்றும் இல்லை.

"வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார் நர்ஸ்.

அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "நமக்கு ஏழு பத்து."

பதினோராம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அப்பா அப்போதும் ஆஸ்பத்திரியில்தான். பிழைத்துவிட்டார் என்று டாக்டர்கள் சொல்லவில்லை; பார்க்கலாம் என்றார்கள். அம்மா அங்கேயே இருந்தாள். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு எத்தனை நாள் என்று எந்த டைரியிலும் கோடு போட முடியாது.

கரையான்சாவடி வாசலில் மூன்று மணிச் செருப்புகள் நின்றன. முதலாவதாக, மேல் படியில், பழுப்புத் தோல் செருப்பு. சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. மேலே ஒரு பாலித்தீன் உறை. பறக்காமல் இருக்க நாலு பக்கமும் கல்.

சாயங்காலம் தேவராஜ் அண்ணன் கிரில் கதவைத் திறந்து, "ஒண்ணு!" என்று கூப்பிட்டார்.

"ஒண்ணு வரும், ரெண்ட கூப்டு," என்றது வரிசை. ஒரே குரலில், சாதாரணமாக. தினமும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள், விவரம் தெரியாத புது ஆள் ஒருவர் அந்தச் செருப்பைக் காலால் ஒதுக்கப் போய், ஆட்டோக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

நான் குனிந்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்று.

"கைய எடு," என்றாள் கஸ்தூரி. திட்டும் குரலில் இல்லை. "ஊட்டுக்காரங்க எடுத்தா நம்பர் பூடும். தெரியாதா ஒனக்கு? அவுரே வந்து மாட்டிகினு போவட்டும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் டைரியில் முதல் கோட்டுக்கு நேராக அப்பாவின் பெயரை எழுதினேன். டாக்டர் பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை. தன் அப்பாயின்ட்மென்ட் திட்டத்தையும் அதற்கப்புறம் அவர் கிளப்பவில்லை. அட்டையை ஒரு மழை கரைத்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நம் ஆட்டோக்காரர்தான். பின்னாலிருந்து அம்மா இறங்கினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தொளதொளத்த சட்டையில், ஆஸ்பத்திரி வாசனையோடு, வெறுங்காலோடு அப்பா.

அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். செருப்புக்கு முன்னால் வந்ததும் கஸ்தூரி கல்லை எடுத்தாள், உறையை உருவினாள்.

"இன்னா நைனா, இம்மாம் லேட்டு?" என்றாள். "ஏயு பத்துன்னுதான சொன்ன?"

அப்பா மெதுவாக இடது கையைத் தூக்கி, மெலிந்த மணிக்கட்டில் உருண்டு இறங்கிய கடிகாரத்தை மேலே தள்ளி, அவளுக்குக் காட்டினார்.

"நல்லாப் பாரும்மா. ஏழு பத்துதான்."

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, சட்டென்று பின்பக்கம் திரும்பி, கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு, வரிசையைப் பார்த்துக் கத்துவதுபோல் அவரிடம் கத்தினாள்:

"சீக்கிரம் மாட்டிகினு உள்ள போ நைனா. ரெண்டாம் நம்பர்காரி எத்தினி நாளா நின்னுகினு கீறேன்!"